ஓவியக் கூடமும் ஓவியர் பட்டறையும்

சென்னை கிரீம்ஸ் சாலை வழியாக நம் ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் நாள்தோறும் நடந்து செல்கின்றன. அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு வந்தவர்கள் அவர்கள். கையில் சோதனைத் தாள்கள். தோளில் உறங்கும் குழந்தை. மருத்துவரைக் காண மாலை வரை காத்திருக்க வேண்டிய நிலை. அதே சாலையில்தான் லலித் கலா அகாதெமியின் மண்டல மையமும் இருக்கிறது. கண்காட்சி நடைபெறும் நாள்களில் அதன் கதவு திறந்தே இருக்கும். ஆயினும், காத்திருக்கும் அந்தக் குடும்பங்களுள் ஒன்றேனும் அதனுள் நுழைந்ததை நாம் கண்டதில்லை. திறந்திருக்கும் கதவு ஒன்று, சிலருக்கு மட்டும் மூடியதாகத் தோன்றுவது ஏன்? இக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

குறை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. முதலில் கூடத்தின் குறையைப் பார்ப்போம்.

நகரின் ஓவியக் கூடம் ஒன்றில் நுழைகிறோம். வெண்மையான சுவர், ஒவ்வொரு படத்தின் மேலும் தனித்தனி விளக்கு, பேசுவதற்கே அஞ்சும் அமைதி. படத்தின் அருகே சிறு சீட்டு. அதில் ஓவியர் பெயர், படத்தின் பெயர், ஊடகம், ஆண்டு ஆகிய நான்கும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். படத்தின் பெயரோ பல வேளைகளில் "தலைப்பில்லாதது" என்பதாக இருக்கும். ஊடகம் "கலப்பு ஊடகம்" என்பதாக இருக்கும். ஆங்கிலம் படித்தவருக்கும் இச்சீட்டு எதையும் சொல்வதில்லை. படிக்காதவருக்கோ, "இது உமக்கு உரிய இடம் அன்று" என்று மட்டும் சொல்லிவிடுகிறது. தமிழ்நாட்டின் தலைநகரில், தமிழரான ஓவியர் தம் படத்தைத் தமிழருக்குக் காட்டும்போது, இடையே நிற்கும் ஒரே துணை தமிழறியாத ஒரு காகிதத் துண்டாக இருப்பது வருந்தத்தக்கது.

இனி நம் குறை. உருவம் வரைவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கு இல்லை. ஆனால், அந்த ஒரு கேள்வியைக் காட்டி, கோடும் வண்ணமும் சார்ந்த அனைத்தையுமே நாம் ஒதுக்கிவிட்டோம் அல்லவா? கீழக்கரைப் பழைய பள்ளிவாசலின் கல்தூண்களில் கொடியும் பூவும் செதுக்கிய சமுதாயம் இது. கண்ணைப் பயிற்றுவித்த ஒரு மரபு நம்மிடம் இருந்தது. இன்றைய ஓவியத்தின் ஒரு பெரும் பகுதி உருவத்தை நாடாமல் கோட்டையும் எழுத்தையும் நாடி வந்திருக்கிறது என்பதை நம் வீடுகள் அறியவில்லை. நஸ்ரீன் முகம்மதி (1937-1990) என்ற அம்மையார், பென்சிலும் மையும் கொண்டு நுண்ணிய கோடுகளையே தம் கலையாக்கினார். 2016இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் புதுக்காலக் கலைக்கென ஒரு கிளையைத் திறந்தபோது, தொடக்கக் கண்காட்சிகளுள் ஒன்று அவருடையது. அலிகாரில் பிறந்த ஸரீனா ஹாஷ்மி (1937-2020), 1999இல் 36 மரஅச்சுப் படங்களை ஒரு வரிசையாக வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் வீடு சார்ந்த ஓர் உருதுச் சொல்லும், அதற்குரிய சில கோடுகளும் மட்டுமே. இவ்விருவர் பெயரும் நம் பிள்ளைகளின் காதில் விழுந்ததுண்டா?

சென்னையின் கலை வரலாறு சிறியதன்று. 1850இல் தோன்றிய கலைப்பள்ளியே இன்று எழும்பூரில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. அப்பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கர் 1957இல் அதன் முதல்வரானார். பயின்று வெளிவரும் இளைஞர் பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதைக் கண்டு அவர் கவலை கொண்டார். அக்கவலையின் விளைவாக, 1966இல் நகருக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடலோர மணல்வெளியில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. ஓவியர்களே நிலம் வாங்கினர். ஓவியர்களே வீடு கட்டினர்.

பணம் எங்கிருந்து வந்தது? படம் விற்ற பணம் அன்று. பெரிதும் பாத்திக் துணி விற்ற பணம் அது. உருக்கிய மெழுகால் துணியில் கோலம் எழுதி, சாயத்தில் தோய்த்து, பின் வெந்நீரில் மெழுகை நீக்கினால், மெழுகு மூடியிருந்த இடம் சாயம் ஏறாமல் நிற்கும். பகலின் ஒரு பகுதியில் இக்கைத்தொழில். எஞ்சிய நேரத்தில் ஓவியம். கைவினை சோறு போட்டது. ஓவியம் பெயர் தந்தது.

இங்கே நம் வாசகர்கள் சற்று நின்று எண்ண வேண்டும். சோழமண்டலக் கரையின் சாயத் துணிகளை மலாக்காவுக்கும் ஜாவாவுக்கும் கப்பலேற்றியவர்களுள் நம் மரைக்காயர்களும் உண்டு. பழவேற்காட்டுத் துறையின் பெயரே மலாய் மொழியில் "காயின் பெலிகாட்" என்று கைலிக்குப் பெயராகி, இன்றும் வழங்குகிறது. அந்தக் கடல் வழியே போன துணிக்கலை ஜாவாவின் பாத்திக்கோடு உறவாடியது. அதே பாத்திக், நூற்றாண்டுகள் கழித்து இக்கரைக்குத் திரும்பிவந்து ஓவியர் கிராமம் ஒன்றுக்குக் கூரை போட்டது. ஆகவே, சோழமண்டலத்தின் வாசலில் நாம் அந்நியராக நிற்கத் தேவையில்லை. ஆனால், அக்கிராமத்தின் வரலாற்றை எழுதுவோர் ஓவியங்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் தந்து, துணிக்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றனர். கைத்தொழிலை ஏணியாகக் கொண்டு ஏறியபின் ஏணியை மறக்கும் இப்பழக்கமே, கூடத்திற்கும் குடும்பத்திற்கும் இடையே சுவர் எழுப்பிற்று என்பது நம் கருத்து.

இதனை நாம் நேரில் உணர்ந்த ஒரு நாளைச் சொல்ல வேண்டும்.

நம் இல்லத்தாருடன் சோழமண்டலத்திற்குச் சென்றிருந்தோம். பெரியும்மாவும் உடன் வந்தார். அவர் பத்தமடையில் பிறந்தவர். திருமணம் ஆகும்வரை பிறந்தகத்தில் கோரைப்பாய் நெய்தவர். முதலில், 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகக் கூடத்திற்குள் நுழைந்தோம். சென்னை ஓவிய இயக்கத்தின் சிறந்த படைப்புகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. பெரியும்மா இரண்டு படங்களைப் பார்த்தார். மூன்றாவதன் முன் கண் தாழ்த்தினார். பின் ஓர் இருக்கையில் அமர்ந்து, "நீங்க பாத்துட்டு வாங்க" என்றார். அவருக்கு விருப்பம் இல்லாமல் இல்லை; என்ன செய்ய வேண்டும் என்பது தெரியவில்லை.

வெளியே வந்தபோது பட்டறை ஒன்றின் கதவு திறந்திருந்தது. ஓவியர் ஒருவர் செப்புத் தகட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். தகட்டில் மெழுகுப் பூச்சு. அதன் மேல் ஊசியால் கீறிய கோடுகள். தகட்டை அமிலத்தில் இட்டால், கீறிய இடத்தை மட்டும் அது அரிக்கும். பின் மையைத் தேய்த்துத் துடைத்து, ஈரக் காகிதத்தை மேலே வைத்து, உருளைக்கு அடியில் செலுத்தினால் படம் காகிதத்தில் பதியும். அவர் இதனை விளக்கிக்கொண்டிருக்கும்போதே பெரியும்மா அருகில் சென்றுவிட்டார்.

"ஒரு கோடு தப்பிப் போனா என்ன செய்வீக, தம்பி?"

"சில நேரம் அதையும் படத்திலேயே சேர்த்துக்குவேன், அம்மா" என்றார் ஓவியர்.

"பாயிலே அது நடக்காது. ஒரு கோரை தப்பினா அதுவரைக்கும் பிரிக்கணும்" என்றார் பெரியும்மா.

அரை மணி நேரம் அவ்விருவரும் பேசினர். நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். பின்னர் பெரியும்மா தாமாகவே, "அந்தக் கூடத்துக்கு இன்னொரு தடவை போவோம்" என்றார். சற்றுமுன் கண் தாழ்த்திய அதே படத்தின் முன் நின்றார். நேராக வந்த கோடு ஒன்று ஓரிடத்தில் சிதறியிருந்ததைச் சுட்டிக்காட்டி, "இது தப்பா வந்ததா, வேணும்னே போட்டதா?" என்று கேட்டார்.

திறனாய்வு நூல்கள் பல பக்கங்களில் தேடுவது இந்த ஒரு கேள்வியைத்தான். இக்கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் ஓவியம் பார்க்கத் தெரிந்தவர். அதற்கு அவருக்குக் கலைவரலாறு தேவைப்படவில்லை. ஒரு கை வேலை செய்வதைக் காணும் வாய்ப்பே தேவைப்பட்டது. கூடத்தில் படம் முடிந்துபோன பொருள். பட்டறையில் அது வேலை. நம் மக்களுக்கு வேலையைப் பார்க்கத் தெரியும். நெசவும் பாய் முடைதலும் தையலும் மருதாணியும் அறிந்த வீடுகள் நம்முடையவை.

திரும்பும் வழியில் பணிக்கரைப் பற்றி எண்ணினோம். 1963 முதல் அவர் வரைந்த "சொற்களும் குறியீடுகளும்" என்ற வரிசை பெரும்புகழ் பெற்றது. கட்டங்கள், கணக்குக் குறிகள், வரிவரியாய் எழுத்துப்போல் ஓடும் கீறல்கள். எதனையும் படிக்க இயலாது. இதைப் புதிர் என்று பலர் ஒதுக்குவர். நாமோ, பொருள் விளங்கும் முன்னரே மதரஸாவில் எழுத்தின் வளைவைக் கண்ணால் பயின்றவர்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதிய முன்னோர் வழி வந்தவர்கள். எழுத்து, படிக்கப்படுவதற்கு முன்பே பார்க்கப்படுகிறது என்ற உண்மை நமக்குப் புதிதன்று. அவ்வகையில் அப்படங்கள் பிறரைவிட நமக்கே எளிதில் நெருங்கி வரும்.

ஆயினும் ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். நம் மரபில் எழுத்து எவ்வளவு அழகாக வளைந்தாலும், இறுதியில் படிக்கப்பட வேண்டும் என்ற பொறுப்பு அதற்கு உண்டு. பணிக்கரின் எழுத்து அப்பொறுப்பிலிருந்து விடுபட்டது. படத்திற்கு அந்த விடுதலை தகும். படத்தின் அருகே ஒட்டும் சீட்டிற்கு அது தகாது. சென்னைக் கூடங்களில் நேர்ந்திருப்பது என்னவென்றால், பணிக்கரின் படத்தைப் போலவே அதன் விளக்கமும் படிக்க முடியாததாய் இருக்கிறது.

அதே கிராமத்தில் வாழ்ந்த ஜே. சுல்தான் அலி (1920-1990) வேறு வழி சென்றவர். பம்பாயில் பிறந்து, சென்னையில் பயின்று, பழங்குடி மக்களின் கலையிலிருந்து காளையும் பாம்பும் பறவையும் எடுத்து வரைந்தார். அவர் படங்களில் உருவம் நிறைந்திருக்கிறது. ஆகவே நம்முள் சிலர் அவற்றை வீட்டுச் சுவரில் மாட்ட விரும்பமாட்டார்கள். அது அவரவர் உரிமை. ஆனால், வீட்டில் மாட்டாமலிருப்பது வேறு. அப்படி ஒருவர் இருந்தார் என்பதையே அறியாமலிருப்பது வேறு. இரண்டாவதற்கு நாம் எந்தச் சமாதானமும் சொல்ல இயலாது.

பட்டறையைப் புகழ்ந்த நாம், அதன் இடரையும் மறைக்கலாகாது. திறந்த பட்டறை நாள்கள் பல நகரங்களில் இப்போது வழக்கமாகிவிட்டன. விருந்தினர் வருகிறார்கள் என்பதற்காக ஓவியர் மேசையைத் துடைத்து, முடிந்த படங்களை மட்டும் சுவரில் சாய்த்து, விலைப்பட்டியலையும் வைத்துவிட்டால், அதுவும் இன்னொரு கூடமே. விருந்தாளியாய் நுழைந்தவர் வாங்காமல் வெளியேறக் கூசுவார். பெரியும்மாவுக்கு வாய்த்தது அத்தகைய பட்டறை அன்று. அங்கே தகடு அழுக்காக இருந்தது, கை மையாக இருந்தது, கேட்க நேரம் இருந்தது. அழுக்கை மறைக்காத பட்டறையே திறந்த பட்டறை.

கூடம் நடத்துவோரிடம் நாம் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு படத்தின் அருகிலும் தமிழில் நான்கு வரி. வேலை எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும் எளிய வரிகள் போதும். கண்காட்சிக் காலத்தில் ஒரு நாளேனும் ஓவியர் தம் கருவிகளோடு அங்கே அமரட்டும். கே.எம். ஆதிமூலம் போன்றோர் தமிழ் இலக்கிய ஏடுகளுக்கு வரைந்ததால்தான், கூடத்திற்கே போகாத வாசகரும் புதிய கோட்டைக் கண்டுகொண்டனர். தமிழின் வழியே ஓவியம் மக்களிடம் சேரும் என்பதற்கு அதுவே சான்று.

நம் குடும்பங்களிடம் கேட்பது அதைவிடச் சிறிது. சென்னைக்கு வரும்போது ஒரு மாலையை இதற்கென ஒதுக்குங்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்; பெரியவர்களையும் விட்டுவிடாதீர்கள், அவர்களே நல்ல கேள்வி கேட்பார்கள். பாடக் குறிப்பேட்டின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே இருக்கும் மகனோ மகளோ உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். "இது எதற்கு உதவும்?" என்று கேட்டு அக்கையை நிறுத்துவதற்கு முன், "இது தப்பா வந்ததா, வேணும்னே போட்டதா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அப்பிள்ளை சொல்லும் விடையில் அதன் வாழ்வின் திசை தெரியலாம்.

பெரியும்மா ஊர் திரும்பியபின் தொலைபேசியில் நலம் விசாரித்தார். இடையே, "அந்தத் தம்பி தகட்டு வேலையை முடிச்சிட்டாரா?" என்றும் கேட்டார். அடுத்த முறை சென்று பார்த்துச் சொல்வதாக வாக்களித்திருக்கிறோம். இறைவன் நாடினால் அவரையும் அழைத்துக்கொண்டே செல்வோம்.