நைட்ரைட்: எந்த இறைச்சிக்கு, எவ்வளவு?

பதப்படுத்திய இறைச்சியில் சேர்க்கப்படும் சோடியம் நைட்ரைட்டைப் பற்றி அறுபது ஆண்டுகளாக ஒரே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் நச்சுக் கிருமி பெருகி உயிர் போகும் என்கிறது ஒரு தரப்பு. அதைச் சேர்ப்பதால்தான் புற்றுநோய் வருகிறது என்கிறது மறு தரப்பு. இரண்டு தரப்பிடமும் வலுவான சான்றுகள் உண்டு. ஆனால் டப்பியில் அடைத்து அலமாரியில் ஓராண்டு வைக்கும் கறியையும், கடையின் ஃப்ரீசரில் உறைந்து கிடக்கும் சாசேஜையும், மாதக்கணக்கில் காயவைத்த தொடைக்கறியையும் இருவரும் ஒரே பண்டமாக எண்ணிப் பேசுகிறார்கள். நைட்ரைட் வேண்டுமா என்ற கேள்விக்கு நைட்ரைட்டுக்குள் விடை இல்லை. பண்டத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது, எவ்வளவு உப்பும் புளிப்பும் இருக்கிறது, அது எந்தக் குளிரில் எத்தனை நாள் இருக்கப்போகிறது என்பவற்றில்தான் இருக்கிறது.

முதலில் நைட்ரைட்டின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியின் வுர்ட்டெம்பெர்க் பகுதியில் சாசேஜ் தின்றவர்கள் கண்ணிமை தொங்கி, பேச்சுக் குழறி, மூச்சுத் தசைகள் செயலிழந்து இறந்ததை யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் 1820களில் நோயாளி நோயாளியாகப் பதிவு செய்தார். 1895இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்கலைஞர்கள் உப்பிட்ட பன்றித் தொடைக்கறியைத் தின்று நோயுற்றார்கள். மூவர் இறந்தனர். அந்தக் கறியிலிருந்தே எமில் வான் எர்மெங்கெம் என்ற ஆய்வாளர் இந்த நோயின் கிருமியைப் பிரித்தெடுத்தார். இன்று கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்று அழைக்கப்படும் அது, காற்றில்லாத இடத்தில்தான் வளரும். சாசேஜின் உட்புறமும் காற்றை உறிஞ்சி மூடிய பையும் அதற்குத் தோதான இடங்கள். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. அவற்றை முற்றாக அழிக்க 121 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் வேண்டும், அந்தச் சூட்டில் ஹாமோ சாசேஜோ தன் பதத்தை இழந்துவிடும். ஆகவே வித்துகள் உயிரோடுதான் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டு, அவை முளைத்துப் பெருகாமல் தடுப்பதே வழி. நைட்ரைட் அதைச் செய்கிறது. இறைச்சிக்குள் அது நைட்ரிக் ஆக்சைடாக மாறி, கிருமி தன் ஆற்றலுக்கு நம்பியிருக்கும் இரும்பும் கந்தகமும் கலந்த நொதிகளைப் பிடித்து முடக்கிவிடுகிறது. புளிப்பும் உப்பும் கூடக்கூட இந்த வேலை இன்னும் நன்றாக நடக்கிறது.

இந்த அறிவெல்லாம் வருவதற்கு முன்பே நூற்றாண்டுகளாகக் கறியில் வெடியுப்பைத் தேய்த்தார்கள். வெடியுப்பிலுள்ள நைட்ரேட்டை இறைச்சியில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன என்பதை 1891இல் எடுவார்ட் போலென்ஸ்கே காட்டினார். அதன்பின் நேரடியாக நைட்ரைட்டையே அளந்து சேர்ப்பது எளிதாயிற்று. அமெரிக்கா 1925இல் அதற்கு அனுமதி தந்தது. கை போன போக்கில் உப்பள்ளிப் போட்ட காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

நிறத்துக்காகத்தான் நிறுவனங்கள் இதைச் சேர்க்கின்றன என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. இது பாதி உண்மை. நைட்ரிக் ஆக்சைடு தசையின் மயோகுளோபினோடு சேர்வதால்தான் வெந்த பிறகும் ஹாம் இளஞ்சிவப்பாக இருக்கிறது. நைட்ரைட் இல்லையேல் சாதாரண வெந்த கறியின் சாம்பல் நிறம்தான் கிடைக்கும். ஆனால் நிறம் பிடிப்பதற்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் போதும். போட்டுலினத்தை நைட்ரைட்டை மட்டுமே நம்பித் தடுப்பதென்றால் அதைவிட இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும். ஆகவே மேல் வரம்பு உயர்ந்திருந்ததற்குக் காரணம் பாதுகாப்பு பற்றிய அச்சம்தான். அந்த அச்சம் எல்லாப் பண்டங்களுக்கும் ஒரே அளவில் பொருந்துமா என்பதைத்தான் போதுமான அளவு யாரும் கேட்கவில்லை.

இனிக் குறைகள். 1956இல் பீட்டர் மேகீயும் ஜான் பார்ன்ஸும் டைமெத்தில் நைட்ரோசமைனைத் தீவனத்தில் கலந்து கொடுத்தபோது எலிகளின் கல்லீரலில் புற்று வளர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் நார்வேயில் நைட்ரைட் சேர்த்துப் பதப்படுத்திய ஹெர்ரிங் மீன் தூளைத் தின்ற கால்நடைகள் கல்லீரல் சிதைந்து செத்தன. தேடிப் பார்த்தால் அதே சேர்மம். நைட்ரைட்டும் மீனின் அமைன்களும் சூட்டில் சேர்ந்து அதை உண்டாக்கியிருந்தன. வாணலியில் பேக்கனை மொறுமொறுப்பாக வறுக்கும்போதும் இந்த வகைச் சேர்மங்கள் பிறப்பது பிறகு தெரியவந்தது. அமெரிக்கா 1978இல் பேக்கனுக்கு நைட்ரைட்டை 120 பிபிஎம் என்று நிறுத்தி, கூடவே 550 பிபிஎம் ஆஸ்கார்பேட் அல்லது எரித்தார்பேட் சேர்க்க வேண்டும் என்றது. வைட்டமின் சி குடும்பத்துச் சேர்மங்களான இவை நைட்ரோசமைன் உண்டாவதைக் குறைக்கின்றன. இந்தச் சீர்திருத்தம் பலன் தந்தது. ஆனால் வயிற்றுக்குள் நடப்பதை அதனால் முழுதும் தடுக்க முடியாது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் பட்டியலில், வைத்தது. நாளொன்றுக்கு 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது என்பது அதன் மதிப்பீடு.

இதை அளவோடு படிக்க வேண்டும். நூறு பேரில் ஐவருக்கு வரக்கூடிய நோய் என்றால், அந்த 18 சதவீதம் அதை ஏறக்குறைய ஆறாக்குகிறது. புகையிலையும் இதே பிரிவில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று ஆகிவிடாது. மேலும் அந்த மதிப்பீடு பதப்படுத்திய இறைச்சி முழுவதையும் பற்றியது. சிவப்பு இறைச்சியின் ஹீம் இரும்பு, புகை, உப்பு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. இருந்தாலும் பிரான்ஸின் உணவுப் பாதுகாப்பு முகமை 2022இல் சான்றுகளை மறுபடி ஆராய்ந்து, இறைச்சி வழியே வரும் நைட்ரைட், நைட்ரேட்டுக்கும் பெருங்குடல் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்றே முடிவு சொன்னது. கீரையிலும் பீட்ரூட்டிலும்தான் நைட்ரேட் அதிகம், அதற்கு யாரும் தடை கேட்பதில்லையே என்று தொழில் தரப்பு எதிர்வாதம் செய்வதுண்டு. நாம் உண்ணும் நைட்ரேட்டில் பெரும்பங்கு காய்கறியிலிருந்து வருவது மெய். ஆனால் கீரையில் அதோடு வைட்டமின் சியும் பாலிஃபீனால்களும் சேர்ந்தே வருகின்றன. ஹீம் இரும்பு இல்லை, வறுத்த தசைப் புரதமும் இல்லை. எதனோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகிறது என்பதை விட்டுவிட்டு மூலக்கூறை மட்டும் ஒப்பிடும் வாதம் இது.

ஆபத்து சிறிதென்றாலும் தேவையில்லாத ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும்? இத்தாலியின் பார்மா ஹாமில் 1993 முதல் நைட்ரேட்டோ நைட்ரைட்டோ கிடையாது. பன்றியின் முழுத் தொடையில் கடலுப்பை மட்டும் தேய்த்து, உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் வாரக்கணக்கில் வைக்கிறார்கள். உப்பு எலும்பு வரை இறங்கி நீர் வெளியேறும் வரை கிருமி வளரச் சூடு கிடைப்பதில்லை. சூடான அறைக்கு அது மாறும்போது கிருமி வளரப் போதிய நீர் இருப்பதில்லை. ஓராண்டுக்கும் மேல் இப்படி முதிர்ந்த கறி சிவப்பாகவே இருக்கிறது. அந்த நிறம் தசையின் நிறமியில் இரும்பிருந்த இடத்தில் துத்தநாகம் புகுவதால் வருவது. நம் ஊர் உப்புக்கண்டமும் நீரை விரட்டும் இதே வழியில்தான் நிற்கிறது. ஆனால் பார்மாவைக் காட்டி எல்லாச் சாசேஜிலிருந்தும் நைட்ரைட்டை எடுத்துவிடலாம் என்பது தவறான முடிவு. அரைத்த ஈரக்கறியில் மேற்பரப்புக் கிருமி உள்ளே போய்விடுகிறது, நீரும் அப்படியே இருக்கிறது, முதிர வைக்கக் காலமும் இல்லை.

அதனால் டென்மார்க்கின் அனுபவம்தான் எனக்கு அதிகம் பயன்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 150 மில்லிகிராம் வரை அனுமதித்த காலத்தில் டென்மார்க் பெரும்பாலான இறைச்சிப் பண்டங்களுக்கு 60 என்ற தன் வரம்பை விடாமல் பிடித்து நின்றது. சில பாரம்பரிய வகைகளுக்கு மட்டும் கூடுதல் அளவை அனுமதித்தது. அப்படியிருந்தும் அங்கே போட்டுலினம் நோய் பரவவில்லை. டென்மார்க்கின் குளிர்பதனச் சங்கிலி அறுபடாதது, வெப்பநாட்டுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நைட்ரைட் செய்யும் வேலையில் ஒரு பங்கைக் குளிர் செய்யும்போது அந்தப் பங்குக்கு நைட்ரைட்டைக் குறைக்கலாம் என்பதைத்தான் அந்தக் கேள்வி ஒப்புக்கொள்கிறது. ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த புதிய விதி, வேகவைத்த பண்டங்களுக்கு 80 மில்லிகிராம் என்கிறது. வரம்பு பாதியாகிவிட்டது போல் தோன்றும். ஆனால் பழைய 150 சோடியம் நைட்ரைட்டாக எடைபோட்ட எண்; புதிய 80 நைட்ரைட் அயனியை மட்டும் எடைபோட்டது. பழைய கணக்கில் அது 120. குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான்.

செலரி வழி இதைவிட மோசம். நைட்ரேட் நிறைந்த செலரிச் சாற்றை ஒரு பாக்டீரியாவைக் கொண்டு நைட்ரைட்டாக மாற்றி, இறைச்சியில் கலந்து, ‘நைட்ரைட் சேர்க்கப்படவில்லை’ என்று அமெரிக்காவில் பொட்டலத்தின் முன்பக்கம் அச்சிடுகிறார்கள். செலரியில் இயற்கையாக உள்ளதைத் தவிர என்று அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி. செலரியிலிருந்து வந்தாலும் தொழிற்சாலையிலிருந்து வந்தாலும் அயனி ஒன்றே. புற்றுநோய்க்கு அஞ்சி கூடுதல் விலை கொடுப்பவரை இது நேராக ஏமாற்றுகிறது.

நைட்ரைட்டை நம்பி மற்றவற்றில் அசட்டையாக இருப்பதன் விலையைத் தென்னாப்பிரிக்கா கண்டது. 2017, 2018இல் அங்கே பொலோனி என்ற வெந்த சாசேஜ் வழியே பரவிய லிஸ்டீரியா தொற்றில் உறுதியான நோயாளிகள் 1,060 பேர், இறந்தவர்கள் 216. இத்தகைய பண்டங்களுக்கு நைட்ரைட் வழக்கமாகச் சேர்வதுதான். ஆனால் லிஸ்டீரியாவை அது வலுவாகத் தடுப்பதில்லை. வெந்த பிறகு ஆலையின் தரையிலிருந்தும் கருவிகளிலிருந்தும் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கிருமி குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே வளரும். அதற்கு மருந்து ஆலையின் சுத்தம்தான். லிஸ்டீரியாவை மட்டும் தாக்கும் பாக்டீரியா உண்ணி வைரஸ்களைத் தெளிக்க அமெரிக்கா 2006இல் அனுமதித்தது நல்ல துணை, ஆனால் துணை மட்டுமே.

இந்தியக் கடைகளில் சிக்கன் சாசேஜ் பொட்டலத்தைத் திருப்பினால் பின்பக்கத்தில் ஐஎன்எஸ் 250 என்றிருக்கும். நைட்ரைட்டின் எண் அது. அந்தப் பொட்டலம் பெரும்பாலும் விற்கப்படுவது மைனஸ் 18 டிகிரியில். அந்தக் குளிரில் போட்டுலினம் வளர வழியே இல்லை. மின்வெட்டில் ஃப்ரீசர் நின்றால் என்ன செய்வது என்பது உண்மையான கவலை. ஆனால் நின்ற ஃப்ரீசரில் சால்மோனெல்லாவும் பெருகும், அதிலிருந்து நைட்ரைட் காப்பாற்றாது. உறைநிலையில் மட்டும் விற்கும் பண்டத்துக்குத் தனியாகத் தாழ்ந்த வரம்பும், சாதாரண வெப்பத்தில் இருக்கும் டப்பிக் கறிக்கு இப்போதைய பாதுகாப்பும் வைப்பதில் அறிவியல் தடை எதுவும் இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்கத்தக்கதென்று சொன்ன அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.07 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 1.4 மில்லிகிராம். கிலோவுக்கு 30 மில்லிகிராம் எஞ்சியிருக்கும் சாசேஜில் 50 கிராம் தின்றாலே அந்தக் குழந்தை வரம்பைத் தாண்டிவிடும். பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு வறுத்துக் கொடுக்கும் தாய்க்கு, எண் மட்டும் இருக்கும் அந்த வரி இதில் எதையும் சொல்வதில்லை. கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் சேர்த்தார்கள் என்பதைப் பொட்டலத்தில் அச்சிட வைக்கப் புதிய ஆய்வு ஏதும் தேவையில்லை. எடைபோட்டுத்தான் சேர்க்கிறார்கள், அளவு ஆலைக்குத் தெரியும்.