பதில் வராத அழைப்பு: தொலைச் செயல்முறை நுட்பத் தேர்வின் அளவுகோல்

பிறிதொரு கணினியில் உள்ள செயல்முறையைத் தன்னுள்ளேயே இருப்பதுபோல் ஒரு மென்பொருள் அழைத்துப் பயன்கொள்வது தொலைச் செயல்முறை அழைப்பு எனப்படும். இதற்குரிய நுட்பங்களை ஒப்பிடும் எழுத்துகளுள் பல, வேகத்தையும் தரவின் அளவையுமே அளவுகோலாகக் கொள்கின்றன. எக்ஸ்எம்எல் வடிவில் செய்தி அனுப்பும் சோப் பருத்தது. 2007இல் ஃபேஸ்புக் வெளியிட்ட திரிஃப்டும், 2015இல் கூகுள் வெளியிட்ட ஜிஆர்பிசியும் இரும வடிவால் மெலிந்தவை. இவ்வொப்பீடு பிழையன்று, ஆயினும் தேர்வுக்குரிய முதற்கேள்வி வேறு. பதில் வராதபோது அழைத்தவருக்கு என்ன தெரியும் என்பதே அது.

மரக்காணம் உப்பளங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கி உப்பெடுப்பு நின்றுவிடும். வேலையற்ற அம்மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு ரூ. 5,000 நிவாரணம் வழங்குகிறது. அத்தகைய தொகையை வங்கி முகவரின் கைக்கருவியில் விரல்ரேகை வைத்துப் பெறும் தொழிலாளி ஒருவரைக் கொள்வோம். கோரிக்கை முகவர்சார் வங்கியிலிருந்து தேசியக் கொடுப்பனவுக் கழகம் வழியாகத் தொழிலாளியின் வங்கிக்குச் சென்று திரும்ப வேண்டும். இடையில் ஆதார்ச் சரிபார்ப்பும் உண்டு. கணக்கில் தொகை கழிந்தபின், திரும்பும் வழியில் இணைப்பு அறுந்தால் முகவரின் கருவி எதையும் அறியாது. பணம் கைக்கு வராது. மறுபடி ரேகை வைத்தால் இன்னொரு தொகை கழியவும் கூடும். இவ்வழியில் செல்லும் செய்திகள் மேற்சொன்ன நுட்பங்களின் வடிவில் அமைந்தவை அல்ல. எனினும் கேட்டுக் காத்திருந்து பதில் பெறும் அமைப்பு ஒன்றே.

இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இந்நிலையை நேராக எதிர்கொள்கிறது. ஆதார்வழிப் பரிவர்த்தனையில் கணக்கில் கழிந்தும் உறுதிச்செய்தி வரவில்லையெனில், பரிவர்த்தனை நாளையடுத்த ஐந்து நாள்களுக்குள் தொகையைத் திருப்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ. 100 இழப்பீடு. இணைப்பு அறுவதை இயல்பான நிகழ்வாகவே இவ்விதி கொள்கிறது. நிரல் எழுதுவோரிடம் அரிதாகக் காணப்படும் தெளிவு இது. (வருவாயற்ற பருவத்தில் ஐந்து நாள் என்பது சிறு காலமன்று என்பது வேறு.)

இச்சிக்கல் தொடக்கத்திலேயே அறியப்பட்டதுதான். 1984இல் இம்முறையின் செயலாக்கத்தை விளக்கிய பிரெல்லும் நெல்சனும், தொடர்பு முறிந்தால் செயல்முறை ஒருமுறை நடந்திருக்கலாம் அல்லது நடவாதிருக்கலாம், எது என்பது அழைத்தவருக்குத் தெரியாது என்று வெளிப்படையாகவே எழுதினர். 1994இல் சன் நிறுவனத்தின் வால்டோவும் உடன் ஆய்வாளர்களும், அருகிலுள்ளதையும் தொலைவிலுள்ளதையும் ஒன்றெனக் காட்டும் நோக்கையே மறுத்தனர். பின்வந்த நுட்பங்கள் குறியாக்கத்தைச் செம்மைப்படுத்திய அளவுக்கு இவ்வையத்தைத் தீர்க்கவில்லை. ஜிஆர்பிசியில் காலக்கெடு தானாக அமைவதில்லை. நிரலாளரே வைக்க வேண்டும். வைத்தபின்னும், கெடு கடந்தது என்ற செய்தி, மறுமுனையில் வேலை முடிந்துவிட்ட நிலையிலும் வரலாம்.

எனவே பிரித்தறிய வேண்டியது செயல்முறையின் இயல்பு. ‘மடையைத் திற’ என்னும் கட்டளை இருமுறை சென்றாலும் மடை திறந்தே இருக்கும். ‘ஒரு மூட்டையைக் கணக்கில் ஏற்று’ என்பது இருமுறை சென்றால் கணக்கு பொய்க்கும். முன்னதை எந்த நுட்பத்திலும் அச்சமின்றி மீண்டும் அழைக்கலாம். பின்னதற்கு ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் இட்டு, அதே எண் மீண்டும் வந்தால் செயலைத் திரும்பச் செய்யாமல் பழைய பதிலையே தரும் ஏற்பாடு வேண்டும். திரிஃப்டோ ஜிஆர்பிசியோ இதைத் தாமாகத் தருவதில்லை. இடைமுக வரையறையில் நிரலாளர்தாம் எழுத வேண்டும். இதை எழுதாது விட்டு, எந்த நுட்பம் சில மில்லிநொடி விரைவானது என்று வாதிடுவதால் பயனில்லை.

ஒரு நிறுவனம் முழுமைக்கும் ஒரே நுட்பம் என்ற நடைமுறையும் இங்கு ஐயத்திற்குரியதாகிறது. அரசின் நேரடிப் பணப் பரிமாற்றத்தில் பல்லாயிரம் கணக்குகளுக்கான தொகை கோப்புகளாகத் தொகுத்து அனுப்பப்படுகிறது. அங்கு எவரும் கருவிமுன் காத்திருப்பதில்லை, ஒரு நாள் தாமதத்தைத் தாங்கலாம். அதே தொகையை எடுக்கும்போது உடனடிப் பதில் இன்றியமையாதது. பணம் ஒன்றே, அதன் இரு பயணங்களுக்கும் வேண்டிய நுட்பங்கள் வேறு.