நவாப் ராஜமாணிக்கம்: ஒரு மதிப்பீடு

நவாப் டி.எஸ். ராஜமாணிக்கம் பிள்ளை (1906–1974) தேவி பால விநோத சங்கீத சபாவை நடத்தியவர். ‘பக்த ராமதாஸ்’ நாடகத்தில் நவாப் வேடம் ஏற்றதால் இப்பெயர் நிலைத்தது. நடிகராக நினைக்கப்படும் இவரை நாடகத் தயாரிப்பாளராக மதிப்பிடுவதே பொருத்தம்.

அமெரிக்காவின் பிராட்வேயில் தயாரிப்பாளர் முதல் திரட்டுவார். எழுத்து, இசை, இயக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆட்கள் உண்டு. நம் பாய்ஸ் கம்பெனியிலோ முதலாளியே வாத்தியார். பெரும்பாலும் நடிகரும் அவரே. சிறுவர்களுக்குச் சோறு போட்டு, பாட்டும் வசனமும் பயிற்றி, சீன்களோடு ஊர் ஊராகக் கொண்டு செல்லவேண்டும். வசூல் குறைந்தாலும் அடுப்பு எரியவேண்டும்.

இவரது பலம் காட்சியமைப்பு. ‘சம்பூர்ண ராமாயணம்’, ‘தசாவதாரம்’ போன்றவற்றில் தந்திரக் காட்சிகளே மக்களை ஈர்த்தன. ‘ஏசுநாதர்’ நாடகத்தையும் அதே ஈடுபாட்டுடன் மேடையேற்றினார். ‘ஐயப்பன்’ நாடகத்தின் விளைவு கொட்டகையையும் தாண்டியது. தமிழகத்தில் ஐயப்ப வழிபாடு பரவியதில் அதற்குப் பங்குண்டு. இவரது கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்த எம்.என். நம்பியார் பின்னாளில் மகாகுருசாமி எனப் போற்றப்பட்டார். கார்த்திகையில் தாம்பரம் ரயில் நிலையத்தில் இருமுடியுடன் நிற்பவர்களில் எத்தனை பேர் இந்நாடகத்தை அறிவர்?

குறைகளும் உண்டு. காட்சி ஓங்கியபோது வசனம் பின்தங்கியது. சமகாலச் சிக்கல்களைவிடப் புராணமும் பக்தியுமே முதன்மை பெற்றன. பாய்ஸ் கம்பெனி முறையே கடுமையானது. பள்ளி வயதுப் பிள்ளைகள் வீட்டைப் பிரிந்து உழைத்தனர். குரல் உடைந்தால் பெண் வேடம் பறிபோகும். கட்டுப்பாடு என்று நாம் புகழ்வதில் அவர்களின் இளமையும் அடங்கியிருக்கிறது. இதை மறைத்து எழுதும் பாராட்டு நேர்மையானதன்று.

ஆயினும், நாடக வரலாறு இவருக்குச் சில வரிகளே ஒதுக்குவது சரியா? சங்கரதாஸ் சுவாமிகளுக்குப் பாடல்களும், பம்மல் சம்பந்த முதலியாருக்கு அச்சு நூல்களும், டி.கே. சண்முகத்துக்கு ‘எனது நாடக வாழ்க்கை’யும் சான்றாக நிற்கின்றன. நவாபின் சாதனை திரையிலும் விளக்கிலும் இருந்தது. கொட்டகை பிரிந்ததும் அதுவும் கலைந்தது. பின்னர் ஆர்.எஸ். மனோகர் ‘இலங்கேஸ்வரன்’ முதலிய நாடகங்களில் தந்திரக் காட்சிகளால் புகழ் பெற்றபோது, அந்த மரபு அழியவில்லை என்பது தெரிந்தது.

ஏட்டில் எஞ்சியதை மட்டும் நாடகமாகக் கருதினால் மேடையைக் கட்டியவர்கள் விடுபட்டுப் போவார்கள். நவாப் ராஜமாணிக்கம் அவர்களில் முதன்மையானவர்.