ஓர் எழுத்தின் உரிமை

வெள்ளியும் பொன்னும் தன்னுடையவை என்று இறைவன் உரைப்பதாக எபிரேயத் தீர்க்கதரிசிகளின் ஆகமங்களில் ஒரு கூற்று உண்டு. முத்துக்குளித்துறையாகிய நம் தூத்துக்குடிக் கரையிலும், கட்டட நிதிக்குப் பொருள் திரட்டுவோர் இத்தகைய கூற்றுகளை விரும்பி எடுத்தாள்வர். அவர்கள் கொள்ளும் கருத்து மூலத்திற்கு இசைவதுதானா என்பது ஆராயத்தக்கது.

ஆகாய் தீர்க்கதரிசி இதனை மொழிந்தது கி.மு. 520இல். பாபிலோன் சிறையிருப்பினின்று மீண்டோர் இடிந்த ஆலயத்தை எழுப்பிக்கொண்டிருந்தனர். விளைவு குன்றியிருந்தது, கூலி கையில் தங்கவில்லை. புதிய ஆலயம் பழையதன் முன் வெறுமையாய்த் தோன்றியது. அவ்வறியோரைத் தேற்றவே இச்சொல் எழுந்தது. பணியில் சுணங்கியதற்காக முதல் அதிகாரத்தில் அவர்களைக் கடிந்தவரும் அவரே. ஆயினும் வெள்ளி, பொன் பற்றிய இவ்வுரிமைச் சொல் அங்கு வரவில்லை என்பதை நோக்குக.

யோவேலிலோ இச்சொல் கண்டனமாகிறது. தீரு, சீதோன் துறைமுகத்தார் இறைவனின் வெள்ளியையும் பொன்னையும் கவர்ந்தனர். யூதா மக்களை யாவான் மக்களுக்கு விற்றனர். நம் சங்க நூல்கள் வழங்கும் யவனர் என்னும் பெயரும் இதனோடு உறவுடையதே. பொருளைக் கவர்ந்ததும் மனிதரை விற்றதும் ஒரே குற்றப் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஓசியாவில் கண்டனம் சொந்த மக்கள்மீதே பாய்கிறது. தந்தவனை மறந்து, தரப்பட்ட பொன்னைப் பாகாலுக்கு ஆக்கியவர்கள் அவர்கள்.

ஆகாயின் மூலத்தில் உள்ள சொல் 'லீ' என்பதாம். அரபு கற்றோர்க்கு இது புதிதன்று; 'லில்லாஹ்' என்பதிலுள்ள லாமும் இதுவே. ஸகாத் பெறுவோரை எண்ணும் திருமறை வசனத்தில் (9:60) ஏழைகளைச் சுட்டும் சொல்லும் அதே லாமைக் கொண்டே தொடங்குகிறது. ஷாஃபிஈ சட்ட அறிஞர் அதனை உடைமை உணர்த்தும் லாம் என்பர். ஆகவே, இறைவனுக்கென ஒதுக்கியது ஏழையின் உரிமை, பிச்சையன்று.

இக்கருத்தை நம் முத்துச் சலாபத்தில் வைத்துப் பார்க்கலாம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வழங்கும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, கடலில் எடுத்த முத்துக்கு ஸகாத் இல்லை. அது வணிகச் சரக்காகி, நிஸாபை எட்டி, ஓராண்டு நிறைந்த பின்னரே நூற்றுக்கு இரண்டரை கடமையாகும். இமாம் அபூ யூசுஃப் ஐந்திலொன்று வேண்டும் என்றார். ஷாஃபிஈ மரபு அதனை ஏற்கவில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மூச்சடக்கி மூழ்கியவர் கொணர்ந்த சிப்பிகளை மூன்று கூறாக்கி இரண்டை அரசு எடுத்துக்கொண்டது. 1961இல் தூத்துக்குடியின் இறுதிச் சலாபம் முடிந்தது. அனைத்துக்கும் உரியவன் குளிப்பவனிடம் கரையில் ஏதும் கேட்கவில்லை. கடலுக்கு உரிமை கொண்டாடிய அரசோ இரு பங்கு கேட்டது.

எனவே, பள்ளிவாசலாயினும் தேவாலயமாயினும் கோயிலாயினும், இறைவன் பெயரால் பொருள் கேட்போர் இரண்டு கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்: அது யார் கையிலிருந்து வந்தது? யார் கைக்குச் சென்றது? தீர்க்கதரிசிகளின் சொல் வினவுவது இவ்விரண்டையுமேயாம்.