'சேர்ந்து' என்றொரு சொல்

கோவையின் அறிவியல் பற்றித் தமிழில் என்ன இருக்கிறது என்று தேடினால், திரும்பத் திரும்ப ஒரே ஆள்தான் வந்து நிற்கிறார்: ஜி.டி. நாயுடு. சிவசங்கரியின் 'அப்பா' வாழ்க்கை வரலாறு; அது ஒரு மனிதரைச் சுற்றி வருவதில் தப்பில்லை. ஓர் ஊரின் வரலாறே ஒரு மனிதரின் கதையாகச் சுருங்குவதுதான் எனக்கு உறுத்துகிறது. 1937இல் பீளமேட்டில் மின்மோட்டார் செய்தது நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து. அந்தச் 'சேர்ந்து' என்ற சொல்லை நம் கட்டுரைகள் முழுங்கிவிடுகின்றன.

ஆய்வுச் சமூகம் என்பது அந்தச் சொல்தான். 1956இல் இங்கே தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தை, ஊர்ல சொல்ற மாதிரி 'சிட்ரா'வை எடுத்துக்கொள்வோம். பருத்தி நூல் ஈரம் ஏறினால் வலுக்கும், காய்ந்தால் தளரும். ஒரு மில்லில் அளந்த எண்ணை இன்னொரு மில்லின் எண்ணோடு ஒப்பிட, இரண்டு இடத்திலும் காற்று ஒன்றாக இருக்க வேண்டும்: 65 சதவீத ஈரப்பதம், 27 டிகிரி வெப்பம். சந்தையில் முட்டிக்கொள்ளும் மில்காரர்கள் ஒரே காற்றுக்கு ஒப்புக்கொண்டு, தங்கள் எண்களை ஒரே மேசையில் வைத்தார்கள். இதைவிட நல்ல நாவல் கரு இருக்கிறதா, சொல்லுங்க! ஆனால் இதில் நாயகன் இல்லை. அதனால்தான் யாரும் தொடுவதில்லை போல.

பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் (1951) முதல் முதல்வர் ஜி.ஆர். தாமோதரன், 'கலைக்கதிர்' என்ற அறிவியல் மாத இதழையும் நடத்தினார். 1940களின் கடைசியில் தொடங்கிய இதழ், 'எழுத்து'வுக்கு மூத்தது. 'எழுத்து'வின் ஒவ்வோர் இதழையும் விவாதிக்கிற நாம், இயற்பியலையும் வேதியியலையும் தமிழில் யோசித்துப் பார்த்த இதழைக் கலைச்சொல் கிடங்காக மட்டும் பார்க்கிறோம். ஆய்வகத்துக்கும் ஊருக்கும் நடுவில் அப்படியொரு மொழி இல்லாவிட்டால், உள்ளே நடப்பது வெளியே வெறும் அதிசயம்தான். அதிசயத்துக்கு மேதை ஒருவர் போதும்.

இந்தச் சமூகத்தின் மேல் எனக்கும் குறை உண்டு. மில்லுக்கு என்ன பிரயோஜனம் என்ற கேள்வியைத் தாண்டி அது அதிக தூரம் போகவில்லை.

1945இல் தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரிக்கு நாயுடு முதல்வராக இருந்தார். படிப்புக் காலத்தைக் குறைக்கச் சொன்னார், அரசு ஏற்கவில்லை, விலகினார். மேதையைப் புரிந்துகொள்ளாத அரசு என்று இதையும் எழுதிவிட்டோம். அவர் போன பிறகும் அங்கே வகுப்பு நடந்தது. அதுதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, தடாகம் ரோட்டில் இருக்கிறது. அவிநாசி ரோட்டில் பஸ் நிறுத்தத்துக்கு மட்டும் இன்னும் 'ஹோப் காலேஜ்' என்றுதான் பெயர்.