பில் போட்ட நாளும் பணம் வந்த நாளும்

வேலையை விட்டுவிட்டுத் தனியாகக் கன்சல்டிங் செய்யப்போகிறேன் என்று சொல்கிறவர்களிடம், ஆலன் வெய்ஸ் எழுதிய ‘மில்லியன் டாலர் கன்சல்டிங்’ புத்தகத்தைப் படி என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். எனக்கும் சொன்னார்கள். முதல் பதிப்பு 1992இல் வந்தது. அதன் பிறகு பல பதிப்புகள். நான் கோயம்புத்தூரில் சிறு, நடுத்தர இன்ஜினியரிங் தொழிற்சாலைகளுக்கு உற்பத்தி, சரக்கிருப்பு சம்பந்தமாக ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறவன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தடவை படித்தேன். போன மாதம் மறுபடி எடுத்தேன். அன்றைக்கு நான் பென்சிலால் கோடு போட்ட இடங்கள் எல்லாமே எவ்வளவு கேட்கலாம் என்பதைப் பற்றியவை. இந்தத் தடவை நான் தேடியது, கேட்ட பணம் எப்போது வரும் என்பதை. அதைப் பற்றி அந்தப் புத்தகம் சொல்வது நம் ஊருக்கு ஏன் பொருந்தவில்லை என்று யோசித்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நாள் கணக்கில் கூலி வாங்காதே என்பது வெய்ஸின் மையமான கருத்து. அப்படி வாங்கினால் சீக்கிரம் முடிப்பவனுக்கு நஷ்டம், இழுத்தடிப்பவனுக்கு லாபம். வாடிக்கையாளருக்குக் கிடைக்கிற பலனை வைத்து விலை சொல் என்கிறார். ரொம்பச் சரி. ஒரு ஆலையில் பிரஸ்ஸில் டை மாற்றுகிற நேரம் மூன்று மணியாக இருந்தது. அதை முக்கால் மணிக்குக் கொண்டுவர எனக்கு ஆறு நாள் பிடித்தது. நாள் கூலி பேசியிருந்தால் ஆறு நாள் கூலியோடு வீட்டுக்கு வந்திருப்பேன். அவர்களோ அந்த மாற்றத்தால் புதிதாக ஒரு பிரஸ் வாங்குகிற செலவிலிருந்து தப்பித்தார்கள். இந்த வித்தியாசத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் புத்தகம்தான். நன்றி மறக்கக்கூடாது.

பணத்தை முன்னாலேயே வாங்கு என்றும் அவர் சொல்கிறார். மொத்தத்தையும் முன்கூட்டியே தருகிறவருக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்கிறார். ஆகவே தேதியை அவர் மறந்துவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அதை ஆலோசகரின் தன்னம்பிக்கையோடு சேர்த்துப் பார்க்கிறார்: கூச்சப்படாமல் கேள், கிடைக்கும். என் சண்டை இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில் ஒரு தனி ஆலோசகர் பில் போட்டால், பெரும்பாலான மாநிலங்களில் அதன்மேல் விற்பனை வரி கிடையாது. வாடிக்கையாளரும் சாதாரணமாக அதில் வரி பிடிப்பதில்லை. முழுத்தொகை வருகிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆலோசகர்தான் மதிப்பிட்டு வரி கட்டவேண்டும். அதாவது முதலில் பணம், பிறகு வரி. நம் ஊரில் வரிசை தலைகீழ். பணம் வருவதற்கு முன்பே வரி போய்விடுகிறது. அதுவும் இரண்டு வழியில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 2 லட்சம் ரூபாய்க்குப் பில் போடுகிற ஆலோசகர். வருடத்துக்கு 24 லட்சம். கேட்கிறவர்களுக்கு “அடேயப்பா” என்று இருக்கும். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பதால், பில் 2,36,000 ரூபாய்க்குப் போகும். அந்த 36,000 ரூபாயை அடுத்த மாதம் 20ஆம் தேதிவாக்கில் அரசாங்கத்துக்குக் கட்டிவிடவேண்டும். வாடிக்கையாளர் பணம் தந்தாரா என்று சட்டம் கேட்காது. பில் போட்டாயா என்றுதான் கேட்கும். இன்னொரு பக்கம், வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு பில்லைப் புத்தகத்தில் ஏற்றும்போதே 10 சதவீதம், அதாவது 20,000 ரூபாய், டிடிஎஸ் பிடித்துவிடும். மீதி 2,16,000 எப்போது வரும்? எங்கள் வட்டாரத்தில் 90 நாள் என்றால் “பரவாயில்லை, நல்ல பார்ட்டி” என்பார்கள்.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பில், 90 நாளில் பணம் என்று வைத்துக்கொண்டு மார்ச் 31 அன்று அந்த ஆலோசகரின் பணம் எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பில்கள் வரவில்லை: டிடிஎஸ் போக 5,40,000. முதல் இரண்டு பில்களுக்குக் கைக்காசு போட்டுக் கட்டிய ஜிஎஸ்டி 72,000. வருடம் முழுக்கப் பிடித்த டிடிஎஸ் 2,40,000. கூட்டினால் 8,52,000 ரூபாய். நாலு மாத உழைப்புக்கு மேல் அடுத்தவர் கையில் இருக்கிறது.

டிடிஎஸ் எப்படியும் நம் வரிதானே என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். 44ஏடிஏ பிரிவின் கீழ் வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம். 24 லட்சத்தில் பாதி 12 லட்சம். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில், வேறு வருமானம் இல்லையென்றால் 12 லட்சம் வரை தள்ளுபடி போகக் கட்டவேண்டிய வரி பூஜ்யம். அப்படியானால் அந்த 2,40,000 ரூபாயும் வருடம் முடிந்து, ரிட்டர்ன் போட்டு, திரும்பி வரவேண்டிய பணம். பிடித்தம் குறைவாக இருக்கட்டும் என்று முன்கூட்டியே வருமான வரித் துறையிடம் சான்றிதழ் வாங்க வழி உண்டு. எனக்குத் தெரிந்த தனி ஆலோசகர்களில் ஒருவரும் அதற்கு விண்ணப்பித்ததில்லை. (ஒரு எச்சரிக்கை: 44ஏடிஏ பொருந்துகிற தொழில்களில் ‘தொழில்நுட்ப ஆலோசனை’ உண்டு, வணிக ஆலோசனை என்று பெயர் சொல்லி இல்லை. என் வேலை முதலாவதில் அடங்கும் என்பது என் ஆடிட்டரின் முடிவு. மார்க்கெட்டிங் ஆலோசனை சொல்கிறவர்கள் தங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளவும்.)

இதில் மூன்று வட்டி விகிதங்கள் இருக்கின்றன. ஜிஎஸ்டியை நான் தாமதமாகக் கட்டினால் வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி. என் டிடிஎஸ் பணத்தை அரசாங்கம் திருப்பித் தரும்போது மாதத்துக்கு அரை சதவீதம், அதுவும் நிதியாண்டு முடிந்த ஏப்ரலிலிருந்துதான். என் பணத்தை வாடிக்கையாளர் 90 நாள் வைத்துக்கொண்டால் நடைமுறையில் வட்டியே கிடையாது. இன்னொன்றும் உண்டு. நான் கட்டிய ஜிஎஸ்டியை வாடிக்கையாளர் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். எனக்குப் பணம் தர அவருக்கு அந்தச் சட்டத்தில் 180 நாள் அவகாசம். எனக்கு ஒரு ரூபாய்கூடத் தராமல், நான் கைக்காசு போட்டுக் கட்டிய வரியை அவர் அனுபவிக்கலாம். தவறில்லை, சட்டப்படியே.

ஒரு பிப்ரவரி மாதம் மூன்று வாடிக்கையாளரும் ஒரே சமயத்தில் இழுத்தார்கள். வீட்டு நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்துத்தான் ஜிஎஸ்டி கட்டினேன். அடுத்தவர் செலவழிக்கப்போகிற வரிக் கழிவுக்காக என் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன். தன்னம்பிக்கைப் புத்தகங்கள் செய்கிற கெடுதல் இதுதான்: ஏற்பாட்டில் இருக்கிற ஓட்டையை நம் குணத்தில் இருக்கிற ஓட்டை என்று நம்பவைத்துவிடுகின்றன.

காசோலை எழுத அதிகாரம் உள்ளவரிடம் நேராகப் பேசு என்பது வெய்ஸின் இன்னொரு அறிவுரை. நான் எப்போதும் எம்டியிடம்தான் பேசுகிறேன். அவர் “செஞ்சிரலாங்க” என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு பர்ச்சேஸ் பிரிவு வெண்டர் பதிவுப் படிவம் அனுப்பும், பிஓ வரும், அதில் “பில் தேதியிலிருந்து 90 நாள்” என்று ஏற்கெனவே அச்சடித்திருக்கும். போல்ட், நட்டு சப்ளை செய்கிறவருக்கும் எனக்கும் ஒரே படிவம். வேலை முடிந்த பிறகு யாராவது சிஸ்டத்தில் ‘சர்வீஸ் என்ட்ரி’ போடவேண்டும். போடவேண்டியவர் லீவு. போன் செய்தால், “சார், பில்லு பிராசஸ்ல இருக்குதுங்க, அடுத்த பேமென்ட் ரன்ல வந்துருங்க.” அந்தப் பையன்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? தலைமையிடம் நான் காட்டிய தைரியம் இரண்டாவது மாடி வரைக்கும் இறங்கி வருவதில்லை.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சேவைத் தொழிலுக்கும் பொருந்தும். உத்யம் பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தரவேண்டும். 90 நாள் என்று நானே கையெழுத்துப் போட்டிருந்தாலும் 45ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. படிக்கும்போது மீசையை முறுக்கத் தோன்றும். ஆனால் அந்த வட்டியை வாங்க மாநிலக் கவுன்சிலுக்குப் புகார் போகவேண்டும். மூன்றே வாடிக்கையாளர் இருக்கிறவன் ஒருவர்மேல் புகார் கொடுத்தால், அடுத்த வருடம் இரண்டு வாடிக்கையாளர். ஊர் சின்னது, கொடிசியா கண்காட்சியில் எல்லோரும் எல்லோரையும் பார்ப்பார்கள்.

அதைவிட வேலை செய்வது, 2023-24 நிதியாண்டிலிருந்து வந்த 43பி(எச்) என்ற வருமான வரி விதி. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டிப் பாக்கி வைத்தால், பணம் கொடுக்கும் வரை அந்தச் செலவை வாடிக்கையாளர் தன் வரிக் கணக்கில் காட்ட முடியாது. இதற்கு நான் யார்மேலும் புகார் கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய ஆடிட்டரே மார்ச் மாதம் “இவருக்குக் கொடுத்துருங்க” என்பார். அந்த விதி வந்த முதல் மார்ச்சில், அதுவரை இழுத்துக்கொண்டிருந்த ஒரு இடத்திலிருந்து கேட்காமலே பணம் வந்தது. இன்னொரு இடத்தில், “உத்யம் பதிவைக் கேன்சல் பண்ணிக்க முடியுங்களா?” என்று கேட்டார்கள். விதிக்குப் பல் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அது மார்ச்சில் மட்டும் கடிக்கிற பல் என்பது குறை. ஜூனில் போட்ட பில்லை அடுத்த மார்ச் கடைசியில் கொடுத்தாலும் அந்த விதிக்குப் போதும்.

“ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கு” என்பது எல்லோரும் சொல்கிற அறிவுரை. நானும் இளையவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது அதைக் கேட்டால் சங்கடமாக இருக்கிறது. வேலை கிடைக்காத மாதங்களுக்காக என்றுதான் அந்தப் பணத்தைச் சேர்க்கச் சொல்கிறோம். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள்: எல்லா மாதமும் வேலை இருக்கிறவருக்கே 8,52,000 ரூபாய் வெளியே நிற்கிறது. அந்தச் சேமிப்பு வாடிக்கையாளருக்கு வட்டியில்லாத கடனாகப் போகிறது. அதைச் சேமிப்பு என்று சொல்லாமல் முதலீடு என்று சொல்லி, அதற்கான வட்டியைக் கட்டணத்தில் சேர்ப்பதுதான் நியாயம்.

நான் அப்படித்தான் மாற்றிக்கொண்டேன். இப்போது இரண்டு விலை சொல்கிறேன்: 30 நாளில் என்றால் இது, 45 நாளில் என்றால் இது. 90க்கு விலையே இல்லை. பிஓ அச்சாவதற்கு முன்பே பர்ச்சேஸ் மேலாளரைப் பார்த்து ஒரு டீ குடித்துவிட்டு, படிவத்தில் அந்த ஒரு வரியை மாற்றச் சொல்கிறேன். எம்டியிடம் கேட்பதைவிட அது பலிக்கிறது. ஒவ்வொரு கட்ட வேலையும் முடிந்த அன்றே மெயிலில் அனுப்பிவிடுகிறேன். எழுத்தில் ஆட்சேபம் சொல்ல அவர்களுக்கு 15 நாள்தான். நாள் எண்ணுவது அனுப்பிய தேதியிலிருந்து தொடங்கும். ஜிஎஸ்டி பில்லை வேலை முடிந்து 30 நாள் வரை தள்ளிப்போடச் சட்டத்தில் இடம் உண்டு என்பதால், முதலில் புரோஃபார்மா அனுப்பிப் பணத்துக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்துப் பார்க்கிறேன். முன்பணம் 30 சதவீதம் கேட்கிறேன். பாதிப் பேர் தருகிறார்கள்.

இதனால் இரண்டு வேலை கைவிட்டுப் போனது. ஒன்று நல்ல வேலை, இன்றைக்கும் வருத்தம்தான். தைரியம் வந்துவிட்டதால் இதையெல்லாம் செய்யவில்லை. மூன்றில் ஒரு வாடிக்கையாளர் போனாலும் வீடு நடக்கும் என்ற நிலை வந்த பிறகுதான் கேட்கவே வாய் வந்தது. புதிதாக இறங்குகிறவருக்கு அந்த நிலை இருக்காது. கூச்சத்தை விடு என்று அவருக்குச் சொல்வதைவிட, கட்டணத்தைப் பேசுகிற அன்றைக்கே தேதியையும் பேசு, தேதிக்கும் ஒரு விலை உண்டு என்று சொல்வது உதவியாக இருக்கும். வெய்ஸின் புத்தகத்தைப் படியுங்கள். படிக்கும்போது பக்கத்தில் ஒரு ஜிஎஸ்டி காலண்டரையும் வைத்துக்கொள்ளுங்கள்.