வாட்டம் அறிந்த கண்
சென்னையைப் போன்ற சமதளமான கடற்கரை நகரத்தில், மழைநீர் தானாகவே கூவத்தையோ கடலையோ அடைந்துவிடும் என்று எண்ணியிருக்கும் நமக்கு, அதன் பாதையை விரலளவு வாட்டத்தில் அமைத்துத் தரும் மாநகராட்சி மூத்த பொறியாளரின் சூட்சுமமான வித்தை பெரும்பாலும் புலப்படுவதில்லை. ரசமட்டத்தின் குமிழி அசைந்து ஓயும்வரை பொறுமையுடன் காத்திருந்து, வடிகாலின் தலைப்பில் ஒரு வாளி நீரைச் சாய்த்து, அது எங்கும் தேங்காமல் மெல்லிய சலசலப்புடன் நகர்வதை அவர் குனிந்து கவனிப்பது, வித்வான் தம்பூராவுக்குச் சுருதி கூட்டுவதைக் காணும் ஆனந்தத்தை எனக்கு அளிக்கிறது.

இறுகிய காங்கிரீட்டைச் சுத்தியலால் தட்டி, கணீரென்ற நாதத்துக்குத் தலையசைத்து, மந்தமாக ஒலித்த இடத்தை மட்டும் சாக்கட்டியால் வட்டமிட்ட பின், நேற்று வார்த்த சுவரின் மேல் ஈரச் சாக்கு உலராமல் பார்த்துக்கொள்ளும்படி, அவசரமே அறியாத குரலில் மேஸ்திரியிடம் சொல்கிறார்.